லொக் லாக் தட்டோரக் கிண்ணம்: ஒரு விசாரணை

கம்போடியக் குடும்ப உணவகத்தில் மாட்டிறைச்சி லொக் லாக் கேட்டவர் முன் இரண்டு பாத்திரங்கள் வரும். ஒன்று தட்டு: லெட்யூஸ் இலை, தக்காளி வில்லை, அவற்றின் மேல் வதக்கிய இறைச்சித் துண்டுகள், பக்கத்தில் சோறு, பெரும்பாலும் ஒரு பொரித்த முட்டை. மற்றது உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். தட்டைப் பலரும் புகழ்ந்தாயிற்று. நமது விசாரணை கிண்ணத்தைப் பற்றியது.

களம்: புனோம் பென் நகரத்துக் கடைவீடு. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். கடைசி மேசை வாடிக்கையாளருக்கு உரியதன்று. அதில் பேரப்பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும். பாட்டி பூண்டு உரிப்பார். மற்ற எல்லா மேசைகளும் அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்க.

பொருள்: கிண்ணத்தில் உப்பு, பொடித்த மிளகு, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. சில வீடுகளில் சர்க்கரையும் பூண்டும் சேரும். பிழிந்து கலக்கினால் டுக் மெரிச். மிளகு கம்போட் மாகாணத்ததாயின் உத்தமம். அதற்கு 2010இல் கம்போடியாவிலும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு கிடைத்தது. எலுமிச்சைக்கு எந்தப் பட்டமும் இல்லை. ஆனால் அது வரும்வரை மிளகு வெறும் தூள்.

வகை: உண்போர் மூவர். கிண்ணத்தைச் சோற்றின் மேல் கவிழ்ப்பவர் ஊற்றுவார். அலங்காரம் என்று எண்ணித் தள்ளி வைப்பவர் ஒதுக்குவார். துண்டுதோறும் தொட்டு உண்பவர் தோய்ப்பார். முறை அறிந்தவர் மூன்றாமவரே. முன்னிருவரும் கடைசி மேசையின் கண்காணிப்பில் இருப்பர்.

நிகழ்வு: ஒதுக்குவார் நாலு வாய் உண்பதற்குள் பாட்டி எழுந்து வருவார். பேச்சு இல்லை. எலுமிச்சையைப் பிழிவார், விதையைக் கரண்டி நுனியால் தள்ளுவார், உப்பு கரையும்வரை கலக்குவார், ஒரு துண்டைத் தோய்த்துச் சோற்றின் மேல் வைத்துவிட்டுப் பூண்டுக்குத் திரும்புவார். இவ்வுணவு வியட்நாமிலும் உண்டு. முதலில் யாருடையது என்ற வழக்கை அவர் காதுபட எழுப்பாதிருப்பது ஆய்வு நெறி.

கடா: காசு கொடுத்து உண்பவர் தட்டில் கை வைப்பது வணிக முறைக்கு மாறன்றோ?

விடை: மாறன்று. 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட க்மெர் ரூஜ், வீட்டுச் சமையலை ஒழித்துப் பொது உணவுக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டார் தம் பானையைச் சுற்றி உட்கார முடியாத காலத்தைக் கடந்து வந்த பாட்டிக்கு, எதிரில் இருப்பவர் சரியாக உண்கிறாரா என்று பார்ப்பது வணிகத்துக்கு முந்திய கடமை. அக்காலத்தில் பாழ்பட்டுப் பிற்பாடு மீண்டவைதாம் கம்போட் மிளகுத் தோட்டங்களும்.

முடிபு: பெயர்ப்பலகையில் எழுதுவதால் ஒரு கடை குடும்ப உணவகம் ஆகாது, வந்தவர் கிண்ணத்தில் வீட்டார் எலுமிச்சை பிழிந்தால் ஆகும்.

புறநடை: இவ்வுறவு கணக்குச் சீட்டு வரும்வரை செல்லும். டாலருக்குச் சுமார் 4,000 ரியல் என்று கணக்கிட்டு, சில்லறையை ரியலில் எண்ணித் தருவர். கிழிந்த டாலரை எந்த உறவினர் நீட்டினாலும் வாங்கார்.