சாவி மீட்டிங்கில் இருக்கிறது

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வரும் என்று 2023-இல் அறிவித்தார்கள். இனி கரிசல் காட்டிலும் கணினிதான் தறி ஓட்டும். அப்படியென்றால் பிள்ளைகள் கணினி கற்க வேண்டாமா? தாராளமாகக் கற்கலாம். பள்ளிக்கூடத்துக் கணினி அறைச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. அவர் மீட்டிங்கில் இருக்கிறார். அவர் வந்தால் கரண்ட் போயிருக்கும். கரண்ட் வந்தால் நெட் போயிருக்கும். மூன்றும் கூடிவரும் நாளில் பரீட்சை.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. 2019-இல், மடிக்கணினி கிடைக்காமலே பிளஸ் டூ முடித்துப் போனவர்கள் பழைய பள்ளி வாசலுக்கே திரும்பி வந்து அதைக் கேட்டுப் போராடினார்கள். முன்னாள் மாணவர் சந்திப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

பள்ளிக்கூடத்தில் இணையமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, நலத்திட்டப் பொருள் கொடுத்த கணக்கு, கேட்ட விவரத்தையே மறுபடி கேட்கும் படிவம் என்று ஆசிரியர் தன் செல்போனைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். சிக்னல் மெலிந்தால் வேப்பமரத்தடிக்குப் போகிறார். வகுப்புத் தலைவன் பாடம் நடத்துகிறான்.

ஆக, பிள்ளைகள் எல்லோரும் இணையத்தில் ஏறிவிட்டார்கள். பிள்ளைகளுக்குத்தான் இணையம் ஏறவில்லை. அந்த விவரத்தைப் பதிவேற்றப் படிவத்தில் கட்டம் இல்லை.