ஒட்டகம் வரட்டும், பொறுங்கோ

போன சனிக்கிழமை, சிட்னி பெண்டில் ஹில் பக்கம் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபத்தின் பின்பக்க மேசையில் கொத்து றொட்டி ஆறிக்கொண்டிருந்தது. நான் பறோ கிறீக் ஒட்டகத்தின் கதையைத் தொடங்கினேன். "ராத்திரி ரெண்டு மணி இருக்கும். மூண்டு பெட்டி கொழுவின றோட் ட்ரெயின்..." ஒட்டகம் தெருவுக்கு ஏறும் முன்பே எதிரில் இருந்த தம்பி கையை உயர்த்திவிட்டார்.

"அண்ணை, நாங்களும் போனனாங்கள். ஜூலை லீவுக்கு, கரவன் எடுத்துக்கொண்டு. றோட் என்ன மாதிரி இருக்குது! ஏ.சி.யைப் போட்டுவிட்டால் பிள்ளையள் டார்வின் மட்டும் படம் பார்த்துக்கொண்டு வந்ததுகள்."

ஒட்டகம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்தவர் முழங்காலைச் சொல்லத் தொடங்கினால் நாம் நம் இடுப்பை எடுத்து மேசையில் வைப்பது தெரிந்த கதைதானே. அதில் எனக்குக் கோபமில்லை. நானும் பல இடுப்புகளை வைத்தவன். கோபமெல்லாம் "றோட் என்ன மாதிரி இருக்குது" என்ற ஒரு வசனத்தில்தான். றோட் என்ன மாதிரி இருந்தது என்று சொல்லத்தானே, தம்பி, நான் வாயைத் திறந்தனான்?

ஸ்ருவேட் நெடுஞ்சாலை போட் ஒகஸ்ராவில் தொடங்கி டார்வினில் முடிகிறது. 2,700 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். வடக்கே அலிஸ் ஸ்பிறிங்ஸிலிருந்து டார்வின் வரையான பாதை உலகப்போரின்போது இராணுவத்துக்காகவே தார் கண்டது. தெற்கே, தென் அவுஸ்திரேலியப் பகுதி முழுவதும் தார் போட்டு முடிந்தது 1987 இல். அதற்குச் சற்று முன்னர்தான், 83 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வந்த நான், கணக்கர் வேலைக்கு நாலு இடத்தில் மறுக்கப்பட்டு, ஒரு லொறி முதலாளியிடம் இரண்டாவது ட்றைவராகச் சேர்ந்தேன். தார் இல்லாத பகுதியில் புல்டஸ்ட் என்று ஒன்று கிடக்கும். சிவப்பரிசி மாவை அரித்துக் கொட்டியதுபோல மண். பார்த்தால் சமதரை, உள்ளே அரை ஆள் ஆழத்துக்குக் கிடங்கு. அது காதுக்குள் போகும், சோற்றுக்குள் போகும், பூட்டி வைத்த பெட்டிக்குள் மடித்து வைத்த வெள்ளைச் சட்டைக்குள்ளும் போகும். ஏ.சி. என்பது கண்ணாடியை இறக்குவது. புல்டஸ்ட் வந்தால் அதுவும் கிடையாது.

அந்த நாளில் அடிலெய்டிலிருந்து ரயில் அலிஸ் ஸ்பிறிங்ஸோடு நின்றுவிடும். டார்வினுக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்து முதல் பயணிகள் ரயில் ஓடியது 2004 இல்தான். அதுவரை டார்வின்காரர் தின்ற உருளைக்கிழங்கில் பாதிக்காவது எங்களைப்போன்ற ஒருவன் நித்திரை முழித்திருப்பான். போட் ஒகஸ்ராவில் மூன்றாவது பெட்டியைக் கொழுவுவோம். இன்றைய சட்டப்படி இந்த வண்டிகள் 53.5 மீற்றர் நீளம் வரை போகலாம். அலிஸ் ஸ்பிறிங்ஸில் கேர்ட் யொஹான்சன் என்று ஒருவர் இருந்தார். போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட டயமண்ட் ரி லொறி ஒன்றை வாங்கி, வளைவிலும் முன்வண்டியின் தடத்திலேயே பின்னால் வரும் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து பூட்டினார். இந்தத் தொழிலுக்கு அவர்தான் தகப்பன். கரவன் தம்பிக்கு அவரைத் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன்.

என்னோடு ஓடிய முதல் ட்றைவர், நாளுக்கு நாலு சொல்லுக்கு மேல் கதைக்காத ஒரு கிழவர். எதிரே வண்டி வந்தால் ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். அவ்வளவுதான் வணக்கம். நான் முதல் நாள் உள்ளங்கை முழுவதையும் ஆட்டினேன். "ரூறிஸ்ற்" என்றார். அன்றைய நாலு சொல்லில் ஒன்று எனக்காகச் செலவாகிவிட்டது. கியர்பெட்டியைப் பற்றி அதுவும் சொல்லவில்லை. சிங்கிறோ இல்லாத பெட்டி அது. கிளச்சை இரண்டு தரம் மிதித்து, எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். பிந்தினால் பல்லோடு பல் மோதும். கிழவர் படுத்திருந்தபடியே கண்ணைத் திறக்காமல் பெருமூச்சு விடுவார். எந்தப் பரீட்சையிலும் எனக்கு அப்படி ஒரு புள்ளி விழுந்ததில்லை.

இதையெல்லாம் சொல்லி ஒட்டகத்துக்கு வரலாம் என்று பார்த்தால், தம்பி எழுந்து, "வாங்கோ அண்ணை, ஒரு சாமான் காட்டுறன்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். புது மோட்டார் சைக்கிள். புதுசு, ஆனால் பழசு மாதிரிச் செய்தது. அந்தக் கால ராங்கி, அந்தக் கால வட்ட விளக்கு, கைபேசிக்கு மின்னேற்ற ஒரு துளை. பொத்தானை அமுக்கினார். ஓடியது.

"எண்ணெய் எங்கே ஒழுகும்?" என்று கேட்டேன்.

"ஒழுகாது அண்ணை."

பிறகு அது என்ன பழைய மோட்டார் சைக்கிள்?

என்னிடம் இருந்தது பி.எஸ்.ஏ. எம்20. ஒற்றைச் சிலிண்டர், 496 சி.சி., பதின்மூன்று குதிரைவலு. பிரித்தானிய இராணுவத்துக்காகப் போர்க்காலத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஹிட்லர் தோற்றார் என்பதை வைத்துப் பார்த்தால் அவற்றில் சிலவாவது ஸ்ராட் ஆகியிருக்க வேண்டும். என்னுடையது அந்தச் சிலவற்றில் இல்லை. அடிலெய்டில் ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்ததை, லொறிச் சம்பளத்தில் வாங்கினேன்.

அதை ஸ்ராட் பண்ணும் முறை இது. முதலில் பெற்றோல் ரப்பைத் திறக்க வேண்டும். அமல் காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பெற்றோல் விரலில் வழியும்வரை அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஹான்டிலில் உள்ள ஒரு லீவரால் காற்றை மூட வேண்டும். இன்னொரு லீவரால் இக்னிஷனைப் பிந்த வைக்க வேண்டும். இப்போது கிக்கரை மெல்ல மிதித்தால் பிஸ்டன் "இதற்கு மேல் மாட்டேன்" என்று எதிர்க்கும் ஓர் இடம் வரும். அங்கே நிற்க வேண்டும். நின்றபடி, வால்வைத் தூக்கும் மூன்றாவது லீவரை இழுத்து, இன்னும் ஒரு மயிரிழை கீழே. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, நல்லூர்க் கந்தனை நினைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு ஒரே உதை.

ஒன்றும் நடக்காது.

மறுபடி குமிழ், காற்று, இக்னிஷன், வால்வு, கந்தன், உதை. ஒன்றும் நடக்காது. இப்போது பெற்றோல் கூடிவிட்டது. பிளக்கைக் கழற்ற வேண்டும். ஈரமாயிருக்கும். கொண்டுபோய் அடுப்பில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் காய வைக்க வேண்டும். மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். காய்ந்த பிளக்கைத் திருப்பிப் பூட்டிக் குமிழ், காற்று, வால்வு, கந்தன். பார்த்தீர்களா, இக்னிஷனை விட்டுவிட்டேன். விட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். சாரமும் செருப்புமாக நிற்பவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருப்பான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் "ஆர் யூ ஓல் றைட்?" என்பாள். இருட்டியபின் ஓடிப் பார்த்தால் ஆறு வோல்ற் விளக்கு தன் கண்ணாடியைத் தாண்டி வெளியே வராது. லூக்காஸ் கம்பனிக்கு "இருட்டின் இளவரசன்" என்று பட்டம் வைத்தவர்கள் அந்தச் சைக்கிளில் ஏறியவர்கள்தான். ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் எண்ணெய்த் தாங்கியில் உள்ள எண்ணெயெல்லாம் எஞ்சினின் அடிக்கு இறங்கி, அங்கிருந்து சீமெந்துத் தரைக்கு வந்துவிடும். அடியில் ஒரு தட்டு வைப்பேன். தட்டு காய்ந்திருந்தால்தான் பயம். ஒழுக எண்ணெய் மிச்சமில்லை என்று அர்த்தம்.

கடைசியில் ஒருநாள் பிடித்துக்கொள்ளும். தெருவே அதிரும். ஆனால் அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும். பால் வாங்கக் காலை ஒன்பதுக்கு உதைக்கத் தொடங்கினவன் பன்னிரண்டரைக்கு ராஜகம்பீரமாகப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவான். வந்தும் எஞ்சினை நிற்பாட்ட மனம் வராது. நிற்பாட்டினால் திரும்ப உதைக்க வேண்டுமே.

இந்தச் சுகமெல்லாம் பொத்தானில் எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். என் மனைவி சிரித்தாள். நான் டார்வின் போயிருந்த ஒரு கிழமையில் எம்20 ஐ விற்றவளே அவள்தான். நல்ல விலைக்கு விற்றாள் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாதது.

திரும்பி மேசைக்கு வந்து, "எங்கே விட்டனான்? பறோ கிறீக்" என்று தொடங்கினேன். அங்கே ஒரு பழைய தந்தி நிலையம், ஒரு பப். மாட்டுக்காரர்கள் அடுத்த முறைக் குடிக்குக் காசு இருக்கட்டும் என்று நோட்டில் பெயரெழுதிச் சுவரில் குத்திவிட்டுப் போவார்கள். அங்கிருந்து வடக்கே போனால், ஒட்டகம்...

மூலையில் இதுவரை வாயே திறக்காமல் இருந்த மாஸ்ரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். 1995 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். "எங்களுக்குத் தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோலே வரவிடேல்லைத் தம்பி. சின்னப் போத்தலால நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவம். பிறகு மண்ணெண்ணெயிலதான் ஓடினனாங்கள். பின்னால வாறவனுக்கு முகம் கறுத்துப்போம்."

மேசை அமைதியானது. அதற்கு மேல் யாரிடம் என்ன இருக்கிறது? மாஸ்ரர்மேல் எனக்கு நிறைந்த மரியாதை. இருந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

ஒட்டகத்தைச் சொல்ல இங்கேயும் இடம் போதவில்லை. இதை மட்டும் சொல்லி வைக்கிறேன்: அந்தப் பாலையில் பொதி சுமக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மிருகங்களின் வம்சம் அது. லொறி வந்ததும் வேலை இல்லையென்று அவிழ்த்துவிட்டார்கள். ஆகவே லொறிக்கு வழிவிட அதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

அந்தப் பக்கம் போக யோசிப்பவர்கள் பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள். பெரும்பகுதிக்கு வேலி இல்லை, மாடு தார்ச் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். றோட் ட்ரெயினை முந்துவதானால் முன்னால் ஒரு கிலோமீற்றருக்குக் குறையாமல் வெளியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவன் உங்களுக்காகப் பிறேக் பிடிக்க மாட்டான். பிடித்தாலும் அது உடனே நிற்காது.