வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ‘ஏனுங்க’

கோயமுத்தூரில் திட்டு வாங்கினாலும் மரியாதையாகத்தான் வாங்க முடியும். “உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?” என்று கேட்கிற ஊர். இங்கே வந்து, ரிட்டயர் ஆன ஒரு மனுஷனின் ராணியை வாயே திறக்காமல் வெட்டிப் போடுகிறது ஸ்டாக்ஃபிஷ்.

2008-இல் வந்த இந்தச் செஸ் இஞ்சின் இலவசம். அதற்கு முகம் கிடையாது. பலகையையும் காய்களையும் திரையில் காட்டுவது அரீனா என்ற வேறொரு மென்பொருள். நான் குதிரையை நகர்த்தினால் அதை எழுத்தில் இஞ்சினுக்குச் சொல்லி, பதிலை வாங்கி வந்து பலகையில் வைக்கும். கல்யாணத் தரகர் வேலை. இருவரும் பேசிக்கொள்ளும் யூசிஐ பாஷை 2000-இலேயே வந்துவிட்டது.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவே டீப் ப்ளூ கம்ப்யூட்டரிடம் தோற்றவர்தானே. பொறுக்க முடியாதது, யார் எவ்வளவு முன்னிலை என்று கீழே ஓடும் எண். சுமாராக ஒரு சிப்பாய்க்கு ஒன்று என்று கணக்கு. நான் மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் தனக்கு +4.7 என்று போட்டுக்கொள்ளும். அதாவது, நான் கிட்டத்தட்ட நாலே முக்கால் சிப்பாய் கடன்காரன். எங்கே கோட்டை விட்டேன் என்று நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது 6.2 ஆகியிருக்கும்.

திறமை அளவை 20-லிருந்து 0 வரை குறைக்க வசதி உண்டு. குறைத்தேன். வேண்டுமென்றே சொதப்பி ஆடியது. அப்படியும் ஜெயித்தது.

சரி, ஆட்டத்தை அலசவாவது பயன்படட்டும் என்று பிராசசர் முழுவதையும் அதற்கே எழுதிக் கொடுத்தேன். லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில், “அரிசி போடாம எதுக்குங்க கிரைண்டரை ஓட்டறீங்க?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டர் ஊர், சந்தேகம் நியாயம்தான்.

வீட்டம்மா பேப்பர் படிப்பவள். “குகேஷை அவர் கோச்சு விஷ்ணு பிரசன்னா ரொம்ப நாளு இந்த இஞ்சின் பக்கமே விடலையாமுங்க. அந்தப் பையன் 2024-ல சிங்கப்பூர்ல உலக சாம்பியன். நீங்க?” என்றாள். மண்ணின் மேல் பழி போடலாம் என்றால், பக்கத்து ஈரோட்டு இனியன் 2019-இலேயே கிராண்ட்மாஸ்டர் ஆகித் தொலைத்துவிட்டார்.

இப்போது புது ஏற்பாடு. அரீனாவில் இரண்டு இஞ்சின்களை ஒன்றோடு ஒன்று மோதவிடலாம். நாற்காலியில் சாய்ந்து, காபி டம்ளரோடு, “அட, யானையை அங்க வெச்சிருக்கக் கூடாது” என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பேன். தப்பு என்று எந்த எண்ணும் என்னைக் காட்டிக்கொடுப்பதில்லை.

நேற்று அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஆடறது யாரு?”

“ரெண்டும் கம்ப்யூட்டருதான்.”

“அப்ப நீங்க சும்மாதான இருக்கீங்க? சிறுவாணித் தண்ணி வந்துருச்சு. குடத்தை எடுங்க.”