சொட்டு மருந்து

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தாராம். அதனால் படிக்காமலே பகிர்ந்துவிட்டாராம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவொன்றை 2018-இல் முகநூலில் போட்ட நடிகர் எஸ்.வி. சேகருக்காக உச்ச நீதிமன்றம் வரை போன சமாதானம் இது. அங்கே எடுபடவில்லை. 2024-இல் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

அவரை மட்டும் சொல்வானேன்? அந்த மருந்துப் புட்டி எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் பெரியப்பா வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பிய கை அவருடையது. 2018 கோடையில் அவருக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டதாம். யார் குரல், எந்த ஊர், என்றைக்கு? ஒன்றும் கேட்கவில்லை. நாலு குரூப்பில் தட்டிவிட்டு, கீழே "எச்சரிக்கையாக இருக்கவும்" என்று வேறு எழுதினார். கேட்டதற்கு, "வந்ததை அப்படியே அனுப்பினேன், இதில் என்னடா தப்பு?" என்றார்.

தப்பு என்னவென்று அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்து அத்திமூரில் தெரிந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போக வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் காரை நிறுத்தியது. காரில் இருந்த 65 வயது அம்மா, அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர்க்காரர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அடித்ததைப் படம் பிடித்து, அதையும் ஃபார்வேர்டு செய்தார்கள். செல்போனை ஆடாமல் பிடிக்கிற அளவுக்கு அன்றைக்குக் கண் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த வருஷம் நாடெங்கும் சுற்றிய வீடியோ ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப் போவார்கள்; பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவனுக்கு எந்தக் கண் டாக்டரும் மருந்து எழுதித் தரவில்லை.

ஜூன் மாதம் திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போக அரசு அமர்த்திய ஆளையே அடித்துக் கொன்றார்கள்.

வாட்ஸப் கம்பெனி சும்மா இருக்குமா? ஜூலையில் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது: பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள். தீயை விற்றவன் தண்ணீர் ஊற்றி அணைக்கும் முறையை நோட்டீஸ் அடித்துக் கொடுத்த கதை. ஒரே தட்டில் ஐந்து பேர் அல்லது குரூப்புகளுக்குமேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்டால் பிணக்கணக்குதான் பதில்.

ஆய்வுக்கும் அதே கம்பெனி காசு கொடுத்தது. அந்தக் காசில் லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2019-இல் தந்த அறிக்கை எல்லாருடைய வாயையும் அடைத்திருக்க வேண்டும். இந்தியர்கள் விவரம் தெரியாமல்தான் பொய்யை அனுப்புகிறார்கள் என்ற சாக்கை அது ஏற்கவில்லை. சாதி, மதம் என்று மனசில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் வெறுப்புக்குத் தோதாக இருப்பதால் அனுப்புகிறார்கள் என்றது. பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியும், ஐயா. வடநாட்டான் என்ற சொல் வந்ததும் சரிபார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். செக்கில் இருந்தது வங்கிப் பணம். இதில் இருந்தது யாரோ ஒருத்தரின் உயிர்.

அத்திமூர்ச் செய்தி பேப்பரில் வந்த அன்று குரூப்பைத் திறந்து பார்த்தேன். அந்தக் குரல் பதிவு அப்படியே இருந்தது. அதன் கீழே பதினோரு கும்பிடு. பொய் என்று பெரியப்பா இன்றுவரை ஒரு வரி போடவில்லை. அன்று சாயங்காலம் போட்டது, மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை.