ஏழு காடிக் குழல்

கொள்ளிடக் கரையோரத்துப் பெரிய வீடுகளில் ஒரு காலத்தில் கூடத்துச் சுவரில் மான்கொம்பும் அதன் கீழே இரட்டைக்குழல் துப்பாக்கியும் தொங்கும். தேர்தல் அறிவித்ததும் வீட்டுப் பெரியவர் அதைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைப்பார். உங்கள் தாத்தா வீட்டிலும் இது இருந்திருக்கலாம். திருமானூரில் எங்கள் தாத்தாவிடம் கூடுதலாக ஒரு பழைய வெப்லி ரிவால்வரும் இருந்தது. 32 போர்.

போர்க் கணக்கே விசித்திரமானது. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும், நெசவில் நூல் நம்பர் ஏற ஏற இழை மெலிவதைப் போல. ரிவால்வருக்கோ அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு என்று கணக்கு. அந்தப் பெயரையும் அப்படியே நம்ப முடியாது: 32 என்று அழைக்கப்படும் தோட்டாவின் ஈயமுனை ஏறக்குறைய 0.312 அங்குலம்தான், 38 என்பது 0.357.

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறையில், திருவையாற்றில் இறங்கி அசோகா வாங்கித் தின்ற கையோடு, தஞ்சாவூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் தாத்தா என்னைக் கூட்டிப்போனார். ரிவால்வரின் குழல் தேய்ந்திருக்கிறதா, புதுத் தோட்டா அதற்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பெரியவர் குழலுக்குள் எண்ணெய் விட்டு, வாயைவிட ஒரு மயிரிழை பெரிதான மெத்தென்ற ஈய உருண்டையை வைத்து, மரக்குச்சியால் மெல்லத் தட்டித் தட்டி அந்தப்பக்கம் தள்ளினார். உள்ளே சுருளாக ஓடும் காடிகளெல்லாம், அதாவது பள்ளங்களெல்லாம், ஈயத்தின் மேல் பதிந்து வெளியே வந்தன.

"தம்பி, பள்ளிக்கூடத்துல திருகு அளவி புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேங்கய்யா."

"எங்கே, இத அளந்து சொல்லு."

திருப்பிய பக்கமெல்லாம் அளவி வேறு வேறு எண்ணைக் காட்டியது. "ஏழு காடி தம்பி. ஒத்தப்படை. ஒரு மேட்டுக்கு எதிர்ல இன்னொரு மேடு நிக்காது" என்றவர், மெல்லிய பித்தளைத் தகட்டை ஈயத்தைச் சுற்றி இறுக்கி அளந்து, தகட்டின் கனத்தை இருமடங்காகக் கழித்தார். தோட்டா சிறுத்தால் புகை பக்கவாட்டில் பீறிக் குறி தப்பும், பருத்தால் குழலுக்கு ஆபத்து என்று அவர் பொறுமையாகச் சொன்னது, ஆய்வகத்தில் வெறும் கம்பியை அளந்து அலுத்திருந்த எனக்கு இயற்பியலின் மேல் ஒரு காதலையே கொடுத்துவிட்டது.

தாத்தாவுக்குப் பிறகு உரிமம் எடுக்க வீட்டில் ஆளில்லாமல் இரண்டையும் ஒப்படைத்துவிட்டோம். சட்டமும் இறுகிவிட்டது, 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருந்த இடத்தில் இரண்டுதான். எனக்கு அதில் குறையில்லை. ஊருக்குப் பக்கத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. புள்ளம்பாடி வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்து நிரம்பினால் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே அச்சமில்லாமல் மேய்கின்றன. வேட்டுச் சத்தம் ஒழிந்தது நல்லதுதான். அந்தப் பெரியவரின் கை நிதானமும் கூடவே போய்விட்டதே என்பதுதான் என் ஏக்கம்.

பேரனிடம் டிஜிட்டல் காலிபர் இருக்கிறது, வைத்த நொடியில் எண்ணைக் காட்டும். போன வாரம் மரத்தில் ஏழு காடி செதுக்கிய உருளை ஒன்றைக் கடைசல்காரரிடம் செய்து வாங்கி அவனிடம் கொடுத்திருக்கிறேன். பித்தளைத் தகடு இன்னும் கொடுக்கவில்லை, அவனே கேட்கட்டும்.