நாலு மணி நேரம், நாற்பத்து மூன்று வருஷம்

சனி, ஞாயிறு போர்ட்டிக்சன் கடலுக்குப் போகும் கோலாலம்பூர்க் குடும்பங்கள், ரந்தாவ் பக்கம் செம்பனை ஓரமாக வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கின்றன. என்ன அமைதி, வயசான காலத்தில் இப்படி ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று பெருமூச்சு வேறு. இருக்கலாமே! தகரக் கூரை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு கிழவி, மடியில் மாத்திரைப் பை. சத்தம் போட ஆள் இருந்தால்தானே சத்தம் வரும்? பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பாதிப் பேர் போனார்கள். பிள்ளைகள் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். குலை வெட்டக் கடல் தாண்டி வேறு ஏழைகள் வந்தார்கள். இதுதான் அமைதி என்றால் சுடுகாட்டுக்கும் சுற்றுலா விருது கொடுக்கலாம்.

அந்தக் கிழவியின் கையைக் கொஞ்சம் பாருங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தில் கோடு இழுத்த கை. கத்தி சற்று ஆழம் போனால் பட்டைக்குக் காயம், அவளுக்கு மண்டோரின் வசவு. மரத்தின் மேல் அத்தனை கரிசனம்! தோட்டங்களை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனியான கத்ரி, சிரம்பானில் செமாரா என்று ஓர் ஆய்வு நிலையமே வைத்திருந்தது. எந்த மரம் எவ்வளவு தரும், எப்போது வெட்டி மறுநடவு செய்வது, எல்லாவற்றுக்கும் கணக்கு. வெட்டியவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது: வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆயுசெல்லாம் கோலம் போட்ட வாசல், கடைசிச் சம்பளம் வாங்கிய மறுநாள் கம்பெனி வாசலாகிவிடும்.

நிலத்தை மீட்பது கடினமான காரியம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை திறந்ததும் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. கத்ரியின் பங்குகளை அள்ளியது, நாலு மணி நேரத்துக்குள் கம்பெனியும் அதன் தோட்டங்களும் மலேசியாவின் கைக்கு வந்தன. அதிகாலைத் தாக்குதல் என்று இன்றும் மார் தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான், வீரம்தான். ஆனால் வெள்ளைக்காரனிடமிருந்து லட்சக்கணக்கான ஏக்கரை நாலு மணி நேரத்தில் வாங்கத் தெரிந்த நாட்டுக்கு, அதே நிலத்தில் ஒரு கிழவி படுக்கும் இடத்தை அவள் பெயருக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. சில தோட்டங்களில் வீடமைப்புத் திட்டம் வந்ததை மறுக்கவில்லை. கடன் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அறுபது வயசுக்காரிக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும் ஐயா?

தலைவர்கள் எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. போர்ட்டிக்சனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பதவி விலகி அன்வாருக்கு இடம் விட்டதால் 2018 அக்டோபர் 13இல் இடைத்தேர்தல். அடுத்து ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி: நுழைவு அட்டை இல்லையென்று எதிர் வேட்பாளரை வேட்புமனு மையத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்த போட்டியில்லாத வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்ய, 2019 ஏப்ரல் 13இல் அங்கும் வாக்குப்பதிவு. ஆறு மாதத்தில் இரண்டு திருவிழா! நாற்காலியில் இருந்த கிழவிகளின் கையைப் பிடித்துக் கும்பிட்டு, அம்மா, பாட்டி என்று உருகினார்கள். எண்ணி முடித்த மறுநாள் கொடிக்கம்பங்களை மட்டும் மறக்காமல் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்துக் கிழவர்களுக்கு இனி ஒரே வேண்டுதல்தான்: நம் தொகுதி உறுப்பினர் யாராவது ராஜினாமா செய்ய வேண்டும், முனியாண்டி!

இதற்கிடையே, கத்ரியின் தோட்டங்கள் பின்னால் போய்ச் சேர்ந்த சைம் டார்பி பிளாண்டேஷன் 2024இல் தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது. பறித்துக்கொண்டு வந்த கம்பெனியின் பழைய பெயருக்கு, நாற்பத்து மூன்று வருஷம் கழித்து மறுவாழ்வு. பலகைக்கு நடக்கிற மரியாதை பாட்டிக்கு நடக்காது. செய்தியை அவளிடம் சொன்னால், “கத்ரி துரை திரும்பி வந்துட்டானா? நல்லதாப் போச்சு. பட்டா யார்கிட்ட கேக்கணும்னு இத்தனை நாளா தெரியலை, அவன்கிட்டயே கேட்டுக்கறேன்” என்றுதான் சொல்வாள்.