யாரையும் நம்பாத பிள்ளை

கேள்வி: கல்லூரிக்குப் போகும் என் மகன் சிநேகிதர்களைக்கூட நம்ப மறுக்கிறான். என் வளர்ப்பில்தான் கோளாறா? – ஒரு தாய், திருச்சி

பதில்: “ஊசி போட மாட்டாங்கடா கண்ணு, சும்மா நாக்கைத்தான் பார்ப்பாங்க” என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகாத தாய் தமிழ்நாட்டில் உண்டா? பிளஸ் டூ முடியும்வரை அறைக்கதவைத் தாழ்போட விடாமல் வைத்திருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் “மனசு விட்டுப் பேசுடா” என்றால் பையன் முழிக்கத்தான் செய்வான்.

வளர்ப்புக்கும் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்ற உங்கள் கேள்விக்கு ஓர் ஆய்வு உதவும். 1980-களில் சிண்டி ஹஸான், பிலிப் ஷேவர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், டென்வர் நாளிதழ் ஒன்றில் காதல் பற்றிய கேள்வித்தாள் வெளியிட்டார்கள். (நம் ஊர் நாளிதழில் வந்திருந்தால் அப்பாக்கள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்திருப்பார்கள்.) வந்த பதில்களில் 620-ஐ அலசினார்கள். 56 சதவீதம் பேர் பிறரை நெருங்கவும் நம்பவும் தயங்காதவர்கள். பெற்றோரைப் பாசமானவர்கள் என்றே நினைவுகூர்ந்தார்கள். ஒதுங்கிப் போகிறவர்களோ, அம்மா முகம் கொடுத்ததே இல்லை என்றார்கள்.

ஆனால் இதெல்லாம் பிள்ளைகள் தரப்பு வாக்குமூலம். அம்மாக்களை யாரும் விசாரிக்கவில்லை! நல்ல சிநேகிதனோ துணையோ வாய்த்தால் இந்த அவநம்பிக்கை பிற்பாடு கரைவதும் உண்டு. அதனால் பழி முழுவதையும் நீங்களே சுமக்காதீர்கள், அவன் அப்பாவுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.